புது முறையில் பாடம் எடுப்பவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்? தலைமை இதில் என்ன செய்ய முடியும்?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். ஒரு மேல்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருக்கிறேன், அதற்கு முன் நெடுங்காலம் அறிவியல் எடுத்தவன். ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எங்களிடம் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. இயற்பியல் ஆசிரியர் ஒருவர், இளையவர், எந்தச் சோதனையையும் செய்து காட்டுவதற்கு முன்னால் "என்ன நடக்கும் என்று எழுதுங்கள்" என்பார். எழுதிய பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார். அப்புறம்தான் செய்து காட்டுவார். ஒரே மாதிரி இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டினால் முதல் பல்புதான் நன்றாக எரியும் என்று பாதி வகுப்பு அடித்துச் சொல்கிறது, ஏனென்றால் மின்னோட்டத்தில் கொஞ்சம் முதல் பல்பிலேயே செலவாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே அளவில் எரிகிறது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எழும் கேள்விகளை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், புத்தகத்தை வரி வரியாக வாசித்து நடத்தும் வகுப்பில் அப்படி ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அவர் அப்படி எடுப்பதில்லை. யாரும் திட்டவில்லை, மெமோ கொடுக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் "உங்கள் வகுப்பில் சத்தம் அதிகமாக இருந்ததே, போர்ஷன் எவ்வளவு முடிந்திருக்கிறது?" என்று கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து போர்டில் நோட்ஸ் எழுதிப் போடத் தொடங்கிவிட்டார். மற்றவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த நிலையில் நிர்வாகம் ஆண்டுதோறும் "புதுமை ஆசிரியர்" விருது கொடுக்கலாம், பணமுடிப்பும் சேர்க்கலாம் என்கிறது. திட்டம் எழுதித் தரும் வேலை என் தலையில். பரிசு வைத்தால் நடக்குமா? தலைமை மாற வேண்டுமா? இல்லை, இது அவரவர் சுபாவம், வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாதா?

---

முன்னாள் ஹெச்எம்

சார், ஒரு ஆசிரியரை மாற்ற அந்த ஒரு கேள்வியே போதும் என்று உங்கள் பதிவில் தெரிகிறதே, அது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு பள்ளியில் எதற்கு மதிப்பு என்பதை ஆசிரியர்கள் சுவரில் மாட்டியிருக்கும் குறிக்கோளைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. தலைமையாசிரியர் முதலில் எதைக் கேட்கிறார் என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். முதல் கேள்வி போர்ஷன் பற்றியது என்றால், மற்றதெல்லாம் போர்ஷன் முடிந்த பிறகு என்று அர்த்தம். மேல்நிலை வகுப்பில் போர்ஷன் எப்போது முடிந்திருக்கிறது?

தலைமை பற்றிய ஆராய்ச்சியில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, பெரிய கனவைச் சொல்லி ஆட்களை எழுப்பிவிடும் தலைமை. அரசியல் தலைவர்களை வைத்து ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸ் 1978இல் எழுதியதை, நிறுவனங்களுக்கு ஏற்றபடி பெர்னார்ட் பாஸ் 1985இல் விரித்தார். பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததில் கென்னத் லெய்த்வுட்டுக்குப் பெரிய பங்கு. இன்னொன்று, வகுப்பறையில் நடக்கும் கற்பித்தலையே மையமாக வைத்து இயங்கும் தலைமை. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவர் குழுவும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர் கற்றலில் இரண்டாவது வகைத் தலைமையின் தாக்கம் முதல் வகையைவிட மூன்று நான்கு மடங்கு என்று வந்தது. அதிலும் எது மேலே நின்றது தெரியுமா? ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைமையும் சேர்ந்து உட்கார்ந்து கற்பது. பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டு அலுவலக அறைக்குப் போய்விடுவது இதில் சேராது.

அந்த ஆய்வு அளந்தது மாணவர் கற்றலைத்தான், ஆசிரியரின் புது முயற்சியை அல்ல. ஆனால் பதவியில் இருந்த காலத்தில் நான் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் எழுச்சியாகப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், சந்தேகமே இல்லை. அந்த வேகம் ஓய்ந்து இரண்டாவது வாரத்தில் எல்லாரும் பழைய பாடக்குறிப்பை எடுத்துக்கொள்வார்கள். அதே நேரம், வேதியியல் டீச்சர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார் என்று தெரிந்து கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால், முடிந்ததும் "மூன்றாவது குழு எங்கே குழம்பியது, கவனித்தீர்களா?" என்று கேட்டால், அந்தக் கேள்வி ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவிவிடும். கவனியுங்கள், பாராட்டுக்கூட வேண்டியதில்லை. பாடத்தைப் பற்றி உண்மையாக ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

பரிசைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். என் வோட்டு அதற்கு இல்லை.

---

கணக்கு டீச்சர்

பரிசு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை உள்ளிருந்து பார்த்தவள்.

முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் "இந்த ஆண்டு நீங்கள் செய்த புதுமைகள்" என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள், அதற்கு மதிப்பெண்ணும் வைத்தார்கள். என்ன நடந்தது? பிப்ரவரி, மார்ச் வந்ததும் எல்லாரும் வகுப்பில் ஏதாவது ஒரு செயல்பாட்டை நடத்தி, போட்டோ எடுத்து, ஒட்டி அனுப்பினார்கள். நிஜமாகவே புதிதாக எதையோ செய்துகொண்டிருந்த இரண்டு பேர் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை. அவர்கள் செய்தது பாதி வெற்றி பாதி தோல்வி, போட்டோ எடுக்கும்படியாக இல்லை. உதாரணமாக, ஒரு அக்கா வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, தவறு எங்கே என்று சொல்லாமல் "இந்தப் பக்கத்தில் மூன்று தவறுகள் உள்ளன, கண்டுபிடி" என்று மட்டும் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் முதலில் எரிச்சலானார்கள், பெற்றோர் போன் செய்தார்கள், பிறகு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டல் கழித்தல் குறியில் தப்பு விடுகிற பையன் தன் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நாஷ்வில்லில் 2006 முதல் 2009 வரை, நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு மாணவர் மதிப்பெண் உயர்ந்தால் 15,000 டாலர் வரை போனஸ். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், போனஸ் வாய்ப்பு இருந்த ஆசிரியர்களின் மாணவர்களுக்கும் இல்லாத ஆசிரியர்களின் மாணவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் சின்னத் தொகை இல்லை அது. ஆசிரியர்கள் வேண்டுமென்றே பாதி உழைப்பைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், காசைக் காட்டினால் வெளியே எடுப்பார்கள் என்ற நினைப்பே தவறு என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க்கட்டைகள் கொடுத்துச் செய்த சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிரை முடித்தால் காசு என்று ஒரு குழுவுக்குச் சொல்லி, பிறகு காசை நிறுத்திவிட்டுப் பார்த்தால், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. பின்னாளில் அவரும் ரிச்சர்ட் ரையனும் சேர்ந்து சொன்னது இது: மனிதனுக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று வேண்டும். நானே முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. உங்கள் இயற்பியல் ஆசிரியருக்கு அந்தக் கூட்டத்தில் மூன்றும் ஒரே நிமிடத்தில் போயின. எப்படி எடுப்பது என்ற முடிவு அவர் கையில் இல்லை என்று தெரிந்தது, செய்தது தப்போ என்று சந்தேகம் வந்தது, கூட்டத்தில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. (சார், நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா? குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.)

---

நடுவரிசை

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோபிக்க வேண்டாம்.

முதலில், பணம் முக்கியமில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே சொன்ன விஷயம்தான்: சம்பளமும் வேலைச் சூழலும் சரியாக இருந்தால் யாரும் துள்ளிக் குதிக்க மாட்டார்கள், ஆனால் சரியில்லை என்றால் அதிருப்தி வந்துவிடும். அவர் கணக்காளர்களையும் பொறியாளர்களையும் வைத்துச் சொன்னது, ஆசிரியருக்கும் அப்படியே பொருந்தும். வாரத்தில் பெரும்பாலான பாடவேளைகள் வகுப்பு, மிச்ச நேரத்தில் விடுப்பெடுத்தவரின் வகுப்பு, வீட்டுக்குப் போனால் விடைத்தாள் கட்டு, இடையில் எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) மாதிரி எதையாவது நிரப்பும் வேலை. இவரிடம் போய் "நீங்கள் ஏன் புதிதாக யோசிப்பதில்லை?" என்று கேட்பது அநியாயம். ஊக்கம் இல்லை என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, வெறும் அசதி.

இரண்டாவது, புதியது எல்லாம் நல்லது இல்லை. ஒரு பள்ளியில் தலைமை மாறும்போதெல்லாம் ஒரு புதுத் திட்டம் வரும். குழுக் கற்றல் வரும், போகும். டேப்லெட் வரும், பீரோவுக்குள் போகும். ஸ்மார்ட் போர்டு வரும், அதன் மேல் கால அட்டவணையை ஒட்டுவார்கள். இதையெல்லாம் பார்த்த மூத்த ஆசிரியர் அடுத்த திட்டத்துக்குத் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார் என்றால், அவரைப் பழமைவாதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எதையோ காப்பாற்றுகிறார். உற்சாகமான தலைமையால் வரும் கெடுதல் இது, கண்டிப்பான தலைமையால் வருவதைவிட இது குறைவானதும் அல்ல.

மூன்றாவதைச் சொல்லத்தான் வந்தேன். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு அந்த ஆண்டு ஒரே ஒரு முறைதான் வரும். ஆசிரியரின் முயற்சி சொதப்பினால் விலை கொடுப்பது அந்தப் பிள்ளை. ஆகவே தலைமையாசிரியர் போர்ஷன் கேட்டதை முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்ட இடம் தவறு, கேட்ட விதம் தவறு.

---

ஆய்வகம்

நடுவரிசை சொன்ன மூன்றாவது விஷயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு விடை, முயற்சியே வேண்டாம் என்பதல்ல. முயற்சியைச் சின்னதாக்க வேண்டும், தனியாளாகச் செய்யவிடக் கூடாது.

நான் ஒரு பாடத்துறைக்குப் பொறுப்பாளர். மேல்நிலைப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியருக்கு எல்லாப் பாடமும் ஓரளவு தெரியும். மேல்நிலையில் அது நடக்காது. வரலாறு படித்த ஒருவர் கரிம வேதியியல் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தால் சத்தம் இருக்கிறதா, போர்டு நிரம்பியிருக்கிறதா, போர்ஷன் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க முடியும். தெரிந்ததைக் கேட்கிறார், பாவம். பாடத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர் பாடத்துறைத் தலைவர்தான். ஆகவே புது முயற்சி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான். ஒரே பள்ளியில், ஒரே தலைமையின் கீழ், தமிழ்த் துறை துடிப்பாக இருக்கும், பக்கத்து அறையில் பொருளியல் தூங்கும். தலைமையாசிரியர் ஒருவரே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. ஒரே பாடம் எடுக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளைக்குத் திட்டம் போடுவோம். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்போம். பார்ப்பது ஆசிரியரை அல்ல, மாணவர்களை. யார் எங்கே எழுதுவதை நிறுத்தினார், எந்தக் கேள்விக்குப் பிறகு முகம் மாறியது, யார் பக்கத்து நோட்டைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேசி, திட்டத்தைத் திருத்தி, இன்னொருவர் வேறு பிரிவில் எடுப்பார். திட்டம் எல்லாருடையது என்பதால் சொதப்பினாலும் பழி ஒருவர் மேல் விழாது. நடுவரிசை சொன்ன அந்தப் பிள்ளைக்கும் ஒரு பாடவேளைக்கு மேல் இழப்பு இல்லை, அதையும் அடுத்த நாள் சரிசெய்துவிடலாம்.

போன மாதம் சமன்பாட்டைச் சரிசெய்வது பற்றி இப்படி ஒரு பாடவேளை போனது. கூட்டுப்பொருளின் வாய்பாட்டுக்கு முன்னால் எண் போடுவதற்குப் பதிலாக, வாய்பாட்டுக்குள் இருக்கும் சிற்றெண்ணையே மாற்றிவிடுகிறார்கள் பிள்ளைகள், தண்ணீரை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்கிவிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். திருத்தும்போது எல்லா ஆண்டும் பார்க்கும் தவறுதான். அந்த நேரம் அவர்கள் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் புரிந்தது, அவர்களுக்கு இரண்டு எண்களும் வெறும் எண்கள்தான், ஒன்று எத்தனை மூலக்கூறு என்பதையும் இன்னொன்று அது எந்தப் பொருள் என்பதையும் சொல்கிறது என்பது மனதில் ஏறவே இல்லை. அடுத்த பிரிவில் மூலக்கூறுகளை உருண்டைகளாகச் செய்து கையில் கொடுத்துத் தொடங்கினோம்.

இதற்குத் தலைமை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மூன்று நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வரும்படி கால அட்டவணை போட வேண்டும். ஜூன் மாதம் அட்டவணை போடும் மேசையில் முடிவாகிறது இது, விருது மேடையில் அல்ல.

---

முன்னாள் ஹெச்எம்

ஆய்வகம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் பார்த்தது: நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனார், பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. காரணம், அங்கே தவறைச் சொல்ல யாரும் பயப்படவில்லை. பள்ளிக்கும் இது அப்படியே. "எங்கள் பள்ளியில் எல்லா முயற்சியும் வெற்றி" என்று ஒரு தலைமை சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஸ்டாஃப் ரூமில் "இன்றைக்கு என் வகுப்பு ஓடவே இல்லை, ஏன் என்று தெரியவில்லை" என்று ஒரு மூத்த ஆசிரியர் இளையவர்கள் முன்னால் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அந்தப் பள்ளி நன்றாக இருக்கிறது.

---

கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. கணக்கு டீச்சர், ஆமாம், கூட்டத்தில் இருந்தேன். பொறுப்பேற்ற முதல் மாதம், பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவேன்.

ஆய்வகம் சொன்ன பொது ஓய்வுப் பாடவேளையை அறிவியல் துறைக்கும் கணிதத்துக்கும் இந்தப் பருவத்திலேயே ஏற்பாடு செய்ய முடியும் என்று அட்டவணையைப் பார்த்ததில் தெரிகிறது, மொழிப் பாடங்களுக்கு இடிக்கிறது. தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசினேன், அவர் கெட்டவர் இல்லை. அவரை மேலே இருந்து கேட்பதும் தேர்ச்சி விழுக்காடு ஒன்றைத்தான், அதையே அவர் கீழே கேட்கிறார்.

இன்னும் ஒரு சிக்கல். விருதுக்கு ஒதுக்கிய பணத்தை வேண்டாம் என்று சொன்னால் அது திரும்பக் கிடைக்காது. நிர்வாகத்திடம் என்ன எழுதுவது?

---

முன்னாள் ஹெச்எம்

வேண்டாம் என்று எழுதாதீர்கள், வேறு தலைப்பில் கேளுங்கள். ஆய்வகம் சொன்ன மாதிரி குழுக்கள் வகுப்பைப் பார்க்கும் நாள்களில் அவர்களுக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குக் கொடுக்க அந்தப் பணத்தைக் கேளுங்கள். மிச்சத்தைத் துறைக்கு இவ்வளவு என்று பிரித்து, எதற்குச் செலவு என்பதை அந்தத் துறையே முடிவுசெய்யும் என்று எழுதுங்கள், உருண்டை வாங்கினாலும் சரி, பல்பு வாங்கினாலும் சரி. பத்து பக்க அறிக்கை கேட்க வேண்டாம். என்ன செய்தோம், எது நடக்கவில்லை, அடுத்து என்ன என்று ஒரு பக்கம் போதும்.

அதோடு இன்னொன்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முயற்சி நடக்கும் பிரிவின் மாதத் தேர்வு மதிப்பெண்ணை இரண்டு பருவத்துக்கு மற்றப் பிரிவுகளோடு ஒப்பிட்டுக் கூட்டத்தில் படிக்கக் கூடாது. இதற்கு நிர்வாகம், தலைமையாசிரியர் இருவர் கையெழுத்தும் வேண்டும். வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், சார். தலைமையாசிரியருக்கு மாறுதல் வந்துவிட்டால் அந்த வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.